கூலிங் அக்கா கொடுத்த வாக்கு

தையல் வகுப்பில் சேரத்தான் அவள் போனாள். தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் முறை வந்தபோது தையலில் இடம் தீர்ந்துவிட்டது, ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பிரிவு மட்டும்தான் மிச்சம் என்றார்கள். "சரி, அதையே கொடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டில் கேட்டதற்கு, "தையல்ல ஒரு மெஷின், இதுல ஒரு மெஷின், எல்லாம் ஒண்ணுதான்" என்று சமாளித்தாள். அன்று தொடங்கிய சமாளிப்பு இன்றுவரை ஓயவில்லை.

இப்போது நாற்பது தாண்டிவிட்டாள். ஸ்கூட்டரின் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, தோளில் பழைய கருவிப் பையோடு தெருத்தெருவாகப் போய்வருவாள். சிறுசு பெருசு என்றில்லாமல் எல்லோருக்கும் அவள் கூலிங் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட, "கூலிங் அக்கா, ஐஸ் கட்ட மாட்டேங்குது" என்றுதான் போன் செய்வார்கள். அவள் வாய் சும்மா இருக்காது. ஒரு வீட்டில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டே அந்த வீட்டு மாமியாரையும் மருமகளையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். அது கேஸ் நிரப்புவதைவிடக் கஷ்டமான வேலை.

கடவுள் விஷயத்தில் அவள் பதில் தயாராக இருக்கும். "நானும் எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துட்டேன். எல்லாரும் எதை எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்க. அவரை மட்டும் காணோம்."

அவள் கணவர் நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். மயிரிழை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற மனிதர். அதே நிதானத்தோடு தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார். அவர் கண்ணை மூடியிருக்கும்போது அவள் மிக்ஸியைப் போடமாட்டாள். அவள் கடவுளைக் கிண்டல் செய்யும்போது அவர் காது கேட்காதவர்போல் இருந்துகொள்வார். கல்யாணமான புதிதில் எழுதாமல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. மற்றபடி சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் தன் கையால் மீன் வறுப்பார். அவள் முள்ளைக்கூட விட்டுவைக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டாள்.

ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தது. கிளம்புகிற அவசரத்தில் யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் நிறையச் சாமான். திரும்பி வந்தவர்கள் கதவைத் திறக்கவே பயந்து கூலிங் அக்காவைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் சமையலறையைத் தூரத்திலிருந்தே கைகாட்டிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

அது ரயில் பெட்டி மாதிரி நீளமான, ஒடுக்கமான சமையலறை. ஃப்ரிட்ஜ் வாசலை ஒட்டி நின்றது. அவள் பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய், ஒட்டிப்போயிருந்த கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. திறந்த வேகத்தில் ஃப்ரீசர் தட்டு சரிந்து கீழே விழுந்து கதவுக்கும் சுவருக்கும் நடுவில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. திறந்த கதவு வழியை அடைத்து நின்றது; அதை மூடவும் முடியவில்லை, தாண்டி வாசலுக்குப் போகவும் முடியவில்லை. அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள்.

அந்த நாற்றத்தை அவள் யாரிடமும் முழுதாக விவரித்ததில்லை. இறைச்சி, மீன், உடைந்த முட்டை, பொங்கி வழிந்த பால், பச்சை பிடித்த தயிர், வெண்ணெய் எல்லாம் ஒன்றாகக் கலந்து தரையில் இறங்கி அவள் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. நடுவில் மூடி கழன்ற தேன் பாட்டில் ஒன்று. தேனை யார் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள்? இந்த வீட்டில் வைத்திருந்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். பால்கனிக் கதவுக்குப் பின்னால் அவருக்குக் கேட்கவில்லை. போன் பைக்குள், பை வாசலுக்கு வெளியே.

அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது.

"கடவுளே, என்னை எப்படியாவது வெளியே விட்டுடு. இதுக்குள்ள இருக்கிற எதையும் இனிமே ஜென்மத்துக்கும் வாயில வைக்கமாட்டேன்!"

சொல்லி முடித்தபோதுதான் கீழ்த் தட்டில் அழுகிக் கிடந்த முட்டைக்கோஸ் கண்ணில் பட்டது. அந்த நிலையிலும் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. "காய்கறி கணக்குல வராது" என்று உடனே சேர்த்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜ் கதவை ஓங்கி உதைத்தாள். மேல் கீலின் ஆணி கழன்று, கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்தச் சந்தில் நுழைந்து வெளியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். ஆணி துருப்பிடித்திருந்தது. உதைத்தால் கழலத்தான் செய்யும். அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் வாக்கு வாக்குதானே. இருக்கிறவரிடம் கொடுத்திருந்தால் பேசிச் சமாளித்திருப்பாள். இல்லாதவரிடம் எங்கே போய்ப் பேசுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் மீனைத் தட்டில் வைத்தபோது, அவள் தட்டை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னாச்சு, உப்பு கூடிடுச்சா?"

"டாக்டர் கொழுப்பு இருக்குன்னாரு."

"எந்த டாக்டர்?"

"போன் பண்ணின டாக்டர்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாக மனைவி ஒருமுறையாவது 'கடவுளே' என்று சொல்லமாட்டாளா என்று காத்திருந்த மனிதர் அவர். சொன்னாள் என்று தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவார் என்று அவளுக்குப் பயம். அதனால் கேட்பவருக்கு ஏற்ற காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் கேட்டபோது, "பாலை விட்டா முகம் பளபளன்னு ஆகுமாம்" என்றாள். நாத்தனார் மூன்று நாள் பால் குடிக்காமல், வேளைக்கு ஒருமுறை கண்ணாடி பார்த்துவிட்டு நான்காம் நாள் சண்டைக்கு வந்தாள். வேலைக்குப் போன வீடு ஒன்றில் டீ கொண்டுவந்தபோது, "பால் வேண்டாங்க, ஒரு மாட்டுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல" என்றாள். அந்த வீட்டு அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

விட்டது விட்டதுதான். முதலில் தயிர் இல்லாமல் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

இதற்குப் பேர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் மகள். கல்லூரியில் உளவியல் படிக்கிறவள். மனிதர்களுக்குப் பேர் வைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அப்பா 'அமைதி விரும்பி', அத்தை 'கவன ஈர்ப்பாளர்', தன்னை மட்டும் மாதத்துக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொள்வாள். ஒருநாள் அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"அம்மா! நீ வீகன்!"

"திட்டாதடி."

"திட்டலம்மா. பால், முட்டை, தேன்கூட தொடாதவங்களுக்கு அதுதான் பேரு. தமிழ்ல நனிசைவர்னு சொல்வாங்க."

"நனிசைவமா? அது என்ன, நனைஞ்சுபோன சைவமா?"

"நனின்னா மிகுதி. நீ ரொம்ப ரொம்ப சைவம்."

"மூணு கோழியை ஒரே ஆளா சாப்பிட்டவடி நான்."

"அது அந்தக் காலம். இப்ப நீ யாருன்னு நீயே உணரணும். எங்க சங்கத்துக்கு வா, எல்லாரும் உன்னைப் பார்த்தா அசந்துடுவாங்க."

சங்கம் என்றால் மருந்துக் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஞாயிறு மாலை இருபது முப்பது பேர் கூடுவார்கள். தலைவர் ஒரு இளம் பல் டாக்டர். மெல்லிய குரல், துணிச் செருப்பு, எதைச் சொன்னாலும் கேட்பவருக்கு வலிக்காமல் சொல்கிற தொழில் பழக்கம். கூலிங் அக்கா வேலை முடிந்து பையோடு அப்படியே போய்விட்டாள். கைதட்டினார்கள். படித்தவர்கள் மட்டும்தான் இப்படி இருப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, இதோ கையில் ஸ்பேனர் பிடிக்கிற ஒரு பெண் வந்திருக்கிறார் என்று டாக்டர் அறிமுகப்படுத்தினார். அக்காவுக்குக் கூச்சமாகவும் இருந்தது, குளுகுளுவென்றும் இருந்தது. மைக்கைக் கையில் கொடுத்ததும் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தயிரை நினைத்து அழுத கதை, நாத்தனார் கண்ணாடி பார்த்த கதை. அறை குலுங்கியது. அடுத்த சுவரொட்டியில் இவர் படத்தைத்தான் போட வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மகள் முன்வரிசையில், அம்மாவை ஏதோ தானே பெற்று வளர்த்ததுபோல் பெருமையாக உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கேட்டார்: "உங்களை மாத்தினது எதுங்க? விலங்குகள் மேல வந்த கருணையா, பூமியைப் பத்தின கவலையா?"

எல்லா முகமும் அவளையே பார்த்தன. அத்தனை நல்ல முகங்களுக்கு முன்னால் ஒரு காரணத்தை ஜோடிக்க அன்று அவளுக்கு மனம் வரவில்லை.

"நாத்தம்" என்றாள்.

"புரியலைங்க."

அழுகிய ஃப்ரிட்ஜின் கதையைச் சொன்னாள். மாட்டிக்கொண்டதையும், வாக்கையும் மட்டும் விட்டுவிட்டாள். அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. டாக்டர், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்லப்போகிறவரைப்போல அவளைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீகன்ங்கறது சாப்பாடு இல்லைங்க, அது ஒரு கொள்கை. நீங்க இப்போதைக்குத் தாவர உணவு சாப்பிடுறவங்க. அவ்வளவுதான்."

"அப்ப நான் நனையலையா?"

அவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை அவள் தோளுக்குப் போயிருந்தது. "இந்தப் பை... தோலா?"

"தோல்தான். பத்து வருஷமா உழைக்குது."

"அதையும் நாங்க..."

"தம்பி, சாப்பாட்டை விட்டது நானு. என் பை எப்ப எதை விட்டுச்சு?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார். சுவரொட்டிப் பேச்சு அதோடு நின்றது. நல்ல மனிதர்கள்தான். போகும்போது தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் வந்தபோது நனிசைவராக வந்தவள், படியிறங்கும்போது வெறும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காகத்தான் இறங்கினாள்.

ஸ்கூட்டரின் பின்னால் மகள் அம்மாவைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, பாலத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். அங்கேதான் மகள் வாயைத் திறந்தாள்.

"உனக்கு எல்லாமே விளையாட்டுதான். ஒரு பேரு கிடைச்சுது, அதையும் தூக்கிப் போட்டுட்ட."

"பேரு எதுக்குடி? எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"சரி, கொள்கை இல்ல. நாத்தம்தான்னு வச்சுக்கோ. அது அடிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. போன வாரம் அப்பா மீன் வறுத்தப்ப நீ வாசனை பிடிச்சதை நான் பார்த்தேன். நாக்குல எச்சில் ஊறுச்சு உனக்கு. அப்புறம் ஏம்மா சாப்பிடல?"

உளவியல் படிப்பில் ஏதோ கொஞ்சம் விஷயம் இருக்கத்தான் செய்கிறது என்று அவளுக்குப் பட்டது. பக்கத்தில் ஒதுங்கியிருந்த சைக்கிள்காரர் காதில் விழாதபடி, வாக்கு கொடுத்த கதையைக் குனிந்து சொன்னாள். கேட்டு முடித்த மகள் பாலத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்பினாள்.

சத்தியம் வீட்டு வாசல்வரை தாங்கியது.

உள்ளே கணவரும் எதிர்வீட்டு இல்லைசாரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இல்லைசார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கடவுள் என்று யார் ஆரம்பித்தாலும் முடிக்கவிடாமல் 'இல்லை' என்பதால் வந்த பெயர் அது. கணவருக்கு அவர்மேல் பிரியம், இருந்தும் கேரமில் தவிர வேறெதிலும் அவரோடு மோதமாட்டார். "கூட்டம் எப்படிம்மா?" என்று அப்பா கேட்டதுதான் தாமதம், மகளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரிப்போடு சேர்ந்து எல்லாம் வெளியே வந்துவிட்டது. கடவுளே என்று கூப்பிட்டது, மாட்டேன் என்று சொன்னது, முட்டைக்கோஸ் உட்பட.

முதலில் துடித்தவர் இல்லைசார்.

"நீயா? இந்தக் கட்டடத்துலேயே எனக்கு இருந்த ஒரே ஆளு நீதானேம்மா! இப்படிப் பண்ணிட்டியே!"

"மாட்டிக்கிட்டேன் சார். வாயில வந்துடுச்சு."

"எனக்கு ஆபரேஷன் பண்ணினப்பகூட நான் கூப்பிடலையே."

"உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்தாங்க. எனக்கு யாரு கொடுத்தா?"

இல்லைசார் விடவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா. "அதுக்குள்ள இருக்கிற எதையும்னு சொல்லியிருக்க. அப்ப கோஸும் அதுல சேர்த்தி. முந்தாநாள் உங்க வீட்டுல கோஸ் பொரியல்."

"சார், இல்லாதவருக்குக் கொடுத்த வாக்குல நீங்க ஏன் சார் ஓட்டை தேடுறீங்க?"

இல்லைசார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஆட்டத்தைப் பாதியில் விட்டு அவர் போனதை அந்த வீட்டில் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

அவள் பயந்தது நடக்கவில்லை. கணவர் ஊரைக் கூட்டவில்லை. கையிலிருந்த ஸ்ட்ரைக்கரைப் பலகையின் ஓரமாக வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். அவள் பின்னாலேயே போனாள். அவர் ஒன்றும் தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"சந்தோஷம்தான்" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "ஆனா மாட்டிக்கிட்டப்ப நீ என்னைக் கூப்பிடல."

"போன் பைக்குள்ள, பை வெளியே."

"அவரைக் கூப்பிட போன் தேவைப்படலையே."

வாழ்க்கையில் ஒரு மனிதர் கடவுள்மேலேயே பொறாமைப்பட்டு அவள் பார்த்ததில்லை. அதுவும் அவரைத் தினமும் கும்பிடுகிற மனிதர்.

மூன்றாம் நாள் அவர் தன் பிரார்த்தனைக் குழுவின் தலைவரிடம் யோசனை கேட்டார். சனிக்கிழமை மாலை தலைவர், அவர் மனைவி, குழுவில் பாதிப்பேர் எல்லோரும் மலர்ந்த முகத்தோடு வந்து கூடத்தை நிறைத்துவிட்டார்கள். செருப்புகள் இல்லைசார் வீட்டு வாசல்வரை போயின. தலைவர் முன்பு பயணச்சீட்டு நிறுவனம் நடத்தியவர். எதையும் ரத்து செய்து வேறு தேதிக்கு மாற்றிக்கொடுக்கிற தெம்பு இன்னும் அவர் பேச்சில் இருந்தது.

"அம்மா, மனசார நம்பித்தானே கூப்பிட்டீங்க?" என்றார்.

கூடமே காத்திருந்தது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் அத்தனை பேரும் மகிழ்ந்திருப்பார்கள். அவளுக்கும் தலைவலி தீர்ந்திருக்கும்.

"உண்மையைச் சொல்றேங்க. அந்த நாத்தத்துல நான் யாரை வேணா கூப்பிட்டிருப்பேன். நகராட்சியைக்கூட."

தலைவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தலைவர் நன்றாக யோசித்தார்.

"அப்படின்னா அது வாக்கே இல்லம்மா. நம்பிக்கை இல்லாம சொன்னது அந்த இடத்துலேயே விழுந்துடும். நீங்க தாராளமா சாப்பிடலாம்."

எல்லோரும் டீ குடித்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடும் கொஞ்சம் சிரிப்போடும் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை கணவர் கடைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிவந்தார். அவளுக்கும் சேர்த்துத்தான் வாங்கினார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவர் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டு அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இல்லைசார் தள்ளிவைத்துவிட்டார். குழுத் தலைவரோ வாக்கையே ரத்து செய்துவிட்டார். தடுக்க ஆளே இல்லை. எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

"எனக்கு வேண்டாங்க" என்றாள்.

அவர் திரும்பினார். "அதான் செல்லாதுன்னு சொல்லிட்டாரே."

"அவர் சொல்லிட்டாரு. யாரு கேட்டாங்களோ இல்லையோ, நான் சொன்னதை நான் கேட்டேன்ல? எனக்குக் காது இருக்கே."

அவர் மீனைக் கழுவித் தட்டில் வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு, யாரிடமும் கேட்கக் கூசுகிற ஒன்றைக் கேட்பவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"கூப்பிட்டப்போ எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"நான் தினமும் கூப்பிடுறேன். பதிலுன்னு கண்ணால பார்த்தது இல்ல. உனக்கு வந்துச்சா?"

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"ஆணி கழண்டுச்சு."

"அதான் பதில்."

"அது துருங்க."

"துருவாவும் இருக்கட்டும், பதிலாவும் இருக்கட்டும். ரெண்டும் ஒரே ஆணிதானே?"

தர்க்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இல்லைசாராக இருந்தால் அதில் லாரியையே ஓட்டியிருப்பார். அவளுக்கும் நாக்கு நுனியில் ஒரு பதில் நின்றது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். இருபது வருடத்தில் கடவுளைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல்முறை.

"என்கிட்ட ஏன் மறைச்ச?"

"ஜெயிச்சுட்டோம்னு சிரிப்பீங்கன்னு."

"நான் எப்ப சிரிச்சிருக்கேன்?"

யோசித்துப் பார்த்தாள். சிரித்ததே இல்லை. சிரிப்பதெல்லாம் அவள்தான்.

அவர் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயை ஊற்றினார். மீன் துண்டைக் கையில் எடுத்தவர் தயங்கி நின்றார்.

"வறுக்கட்டுமா? வாசனை கஷ்டமா இருக்குமா உனக்கு?"

"கஷ்டம்தான், ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள் அவள். எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, தன் தட்டில் சோறும் கீரையும் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.